பிரிட்ஜ் கேமராவிலிருந்து மிரர்லெஸ்ஸுக்கும் திரும்பவும்: ஒளித்துளையை அளவுகோலாகக் கொண்ட ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களிடையே கடந்த இருபது ஆண்டுகளாக ஓர் இடமாற்றம் நடந்து வருகிறது. உடலோடு ஒட்டிய நீள ஜூம் லென்ஸ் கொண்ட பிரிட்ஜ் கேமராவில் கை பழகுகிறார்கள். பிறகு லென்ஸைக் கழற்றி மாட்டும் டிஎஸ்எல்ஆருக்கோ மிரர்லெஸ்ஸுக்கோ போகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தோள் வலித்து மறுபடியும் ஒட்டிய லென்ஸுக்கே வந்து சேர்கிறார்கள். போவதை வளர்ச்சி என்றும் வருவதைச் சறுக்கல் என்றும் கேமரா கடையிலும் நண்பர் வட்டத்திலும் பேசுகிறோம். அந்தப் பேச்சுக்கு அடிப்படை உண்டா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

என் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன். எடுக்க நினைக்கும் பொருளின் தூரத்தில் லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒளியை உள்ளே விடுகிறது என்ற ஒரே அளவு, படத்தின் தரத்தில் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகிறது. குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் இந்த அளவு கிடைத்துவிடும். அதை இங்கே ஒளித்துளை விட்டம் என்று குறிப்பிடுகிறேன். கழற்றும் லென்ஸுக்கு மாறியபின் இந்த விட்டம் பெரிதானால் மாறியதற்குப் பலன் உண்டு. பெரிதாகாவிட்டால் பை கனத்ததுதான் மிச்சம்.

எடுத்துக்காட்டாகப் பறவை ஒளிப்படத்தை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலையொட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பு, பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், கல்லூரி மாணவர் எனப் பலதரப்பட்டவர்களின் கையிலும் நீள ஜூம் இருப்பதற்கு ஒரு காரணம் கொடுத்திருக்கிறது. பறவைக்குத் தூரமும் வேகமும் மங்கிய ஒளியும் ஒன்றாகச் சேர்ந்து வருவதால், இரு வகைக் கேமராக்களின் வலுவும் பலவீனமும் அங்கே மறைக்க முடியாமல் வெளிப்படும். திருமணம், விளம்பரம் போன்ற தொழில்முறைப் படப்பிடிப்பை இந்த ஆய்வு தொடவில்லை.

2. இரு வகைகளும் வந்த வழி

35 மி.மீ. கேமராவில் லென்ஸைக் கழற்றி மாட்டும் வசதி 1930-இல் லைக்கா வழியாகப் பரவத் தொடங்கியது. 1959 இரு வழிகளுக்கும் முக்கியமான ஆண்டு. நிக்கான் தன் எஃப் மவுண்ட்டை அறிமுகம் செய்தது அந்த ஆண்டில்தான். 35 மி.மீ. ஒளிப்படக் கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸை, 36 முதல் 82 மி.மீ. வரை நீளும் ஸூமாரை, ஃபோக்லேண்டர் நிறுவனம் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். ஒன்று ‘எத்தனை லென்ஸ் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்’ என்றது. மற்றது ‘ஒரே லென்ஸில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்’ என்றது.

கருவி தேடும் இந்தத் தவிப்பு நம் ஊருக்கும் பழையது. தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கை எழுத்தை வளர்த்த மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு கருவிகளின் பாகங்களைத் தாமே சேர்த்துப் பொருத்திக்கொண்டு காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். கடையில் கிடைத்த கேமரா தன் பொருளுக்குப் போதவில்லை என்றால் பொருளை விடவில்லை, கருவியை மாற்றினார். இக்கட்டுரையின் வாதமும் அந்த வரிசையையே பின்பற்றுகிறது: முதலில் பொருள், பிறகு கருவி.

1980களின் இறுதியில் ரிக்கோ மிராய், சினான் ஜெனிசிஸ் போன்ற ஒட்டிய ஜூம் கேமராக்கள் வந்தபோது பிரிட்ஜ் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் இந்த வகை உண்மையில் எழுந்து நின்றது டிஜிட்டல் காலத்தில்தான். 2002-இல் பானாசோனிக் எஃப்இசட்1, 35 முதல் 420 மி.மீ. வரை முழுவதும் எஃப் 2.8 திறப்பைக் கொடுத்தது. கை நடுக்கத்தைத் தடுக்கும் வசதியும் அதில் இருந்தது. சென்சார் நகக்கண் அளவே இருந்ததால் இது சாத்தியமாயிற்று. அடுத்த ஆண்டே கேனான் 300டி ஆயிரம் டாலருக்குள் டிஎஸ்எல்ஆரைக் கொண்டுவந்தது. நாம் பேசும் இடமாற்றம் அந்த இரண்டு ஆண்டுகளின் இடைவெளியில் தொடங்கியது என்று கொள்ளலாம்.

பிறகு போட்டி ஜூம் எண்களில் நடந்தது. 2015-இல் நிக்கான் பி900, 2000 மி.மீ.க்குச் சமமான நீளத்தை எட்டியது; 2018-இல் பி1000, 3000 மி.மீ.யை எட்டியது. இன்னொரு பக்கம் சோனியும் பானாசோனிக்கும் நீளத்தைக் குறைத்து சென்சாரைப் பெரிதாக்கின: 2013-இல் ஆர்எக்ஸ்10, 2014-இல் எஃப்இசட்1000, 2017-இல் ஆர்எக்ஸ்10 மார்க் 4. பொழுதுபோக்குப் பறவையாளருக்கு இந்தக் கடைசிக் கேமரா இன்றும் ஒரு மைல்கல்.

அதன்பின் இந்த வகை தேங்கிவிட்டது. காரணம் கைபேசி. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிபாவின் கணக்கில், 2010-இல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன; 2023-இல் ஏறத்தாழ 77 லட்சம். அந்த 77 லட்சத்தில் சுமார் 60 லட்சம் கழற்றும் லென்ஸ் வகை. ஒட்டிய லென்ஸ் கேமரா சந்தையில் சிறுத்துப்போனதற்கு அதன் தரம் காரணம் இல்லை. கைபேசி அதன் அகலக் கோணத்தைப் பறித்துக்கொண்டது. நீளக் கோணத்தை இன்னும் பறிக்கவில்லை.

3. ஒளித்துளைக் கணக்கு

3.1 ஒரே எண், வேறு ஒளி

முதலில் சென்சார்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பி1000 போன்றவற்றில் இருப்பது 6.17 × 4.55 மி.மீ.; பரப்பு 28 சதுர மி.மீ. ஆர்எக்ஸ்10, எஃப்இசட்1000 ஆகியவற்றில் இருப்பதை ஒரு அங்குல வகை என்கிறார்கள்; அதன் எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் இல்லை. அளவு 13.2 × 8.8 மி.மீ., பரப்பு 116. ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 367. முழுச்சட்ட சென்சார் 36 × 24, பரப்பு 864. முழுச்சட்டம் ஒரு அங்குல வகையைப்போல ஏழு மடங்குக்கும் சற்று மேல். பி1000-இன் சென்சாரைப்போல முப்பது மடங்கு.

இந்தப் பரப்பைப் பார்த்ததும் ‘பெரிய சென்சார் வாங்கினால் போதும்’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். கடைக்காரரும் அதைத்தான் சொல்வார். ஆனால் பெரிய தொட்டி வாங்கியதால் மழை அதிகம் பெய்துவிடாது. தொட்டிக்குள் எவ்வளவு ஒளி வந்து விழுகிறது என்பது லென்ஸின் பொறுப்பு.

ஒரு நேரடி ஒப்பீடு. சோனி முழுச்சட்டக் கேமராவுக்கான 600 மி.மீ. எஃப் 4 லென்ஸின் எடை 3 கிலோவுக்குச் சற்று மேல். ஆர்எக்ஸ்10 மார்க் 4-உம் தன் உச்ச ஜூமில் 600 மி.மீ., எஃப் 4 என்றுதான் எழுதிக்கொள்கிறது. லென்ஸும் பாடியும் பேட்டரியும் சேர்ந்து அதன் எடை 1.1 கிலோ. இரண்டு இடத்திலும் ஒரே எண்கள். ஆனால் சோனியின் பெரிய லென்ஸில் 600-ஐ 4-ஆல் வகுத்தால் ஒளித்துளை 150 மி.மீ., ஒரு சாப்பாட்டுக் கிண்ணத்தின் அகலம். ஆர்எக்ஸ்10-இன் லென்ஸ் உண்மையில் 220 மி.மீ.தான், சிறிய சென்சாரில் விழுவதால் 600-க்குச் சமமான கோணம் கிடைக்கிறது. 220-ஐ 4-ஆல் வகுத்தால் 55 மி.மீ. எஃப் எண் வெளிச்சத்தின் அடர்த்தியைச் சொல்கிறது. ஷட்டர் வேகத்துக்கு அது போதும். படத்தில் எவ்வளவு நாய்ஸ் ஏறும், பின்னணி எவ்வளவு கரையும் என்பவற்றைத் தெரிந்துகொள்ள மொத்த ஒளி வேண்டும். மொத்த ஒளியைச் சொல்வது விட்டம்.

3.2 தொலைவில்

இப்போது சாதாரண மனிதர் வாங்கக்கூடியவற்றைப் பார்ப்போம். கேனானின் 55-250 மி.மீ. கிட் லென்ஸ் உச்சத்தில் எஃப் 5.6. விட்டம் 45 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. கேனான் ஏபிஎஸ்-சி பாடியில் அதன் கோணம் 400 மி.மீ.க்குச் சமம். அதே 400-இல் ஆர்எக்ஸ்10 மார்க் 4-இன் விட்டம் 37 மி.மீ.க்குள். விட்டத்தின் இருமடிதான் ஒளியின் அளவு என்பதால், கேனான் இங்கே ஒன்றரை மடங்கு முந்துகிறது.

ஆனால் பறவை 400-இல் நிற்பதில்லை. 600-இன் கோணம் வேண்டுமென்றால் கேனான்காரர் படத்தை கிராப் செய்ய வேண்டும். விட்டம் 45-ஐத் தாண்டாது. ஆர்எக்ஸ்10 அங்கே 55 திறக்கிறது. இப்போது ஒட்டிய லென்ஸ் ஒன்றரை மடங்கு முந்துகிறது. ‘டிஎஸ்எல்ஆர் வாங்கியும் பறவைப் படம் முன்பைவிடச் சுமாராகத்தான் வருகிறது’ என்று புதிதாக மாறியவர்கள் குழம்புவதன் விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. குறை அவர்கள் கையில் இல்லை. பெரிய சென்சாரை வாங்கி, அதன் முன்னால் முன்பைவிடச் சிறிய வாசலை வைத்திருக்கிறார்கள்.

வாசலைப் பெரிதாக்கினால் கதை மாறிவிடும். சோனி 200-600 மி.மீ. லென்ஸ் உச்சத்தில் எஃப் 6.3, விட்டம் 95 மி.மீ. ஆர்எக்ஸ்10-ஐப்போல மூன்று மடங்கு ஒளி. நிக்கானின் 200-500 மி.மீ. எஃப் 5.6, ஏபிஎஸ்-சி பாடியில் 750 மி.மீ.க்குச் சமமான கோணத்தில் 89 மி.மீ. விட்டத்தைத் தருகிறது. சிக்மா, டாம்ரான் ஆகியவற்றின் 150-600 லென்ஸ்களும் இதே அளவையொட்டியே வருகின்றன. விலை என்ன? பணத்தை ஒரு பக்கம் வையுங்கள். முதல் விலை எடை. நிக்கான் லென்ஸ் மட்டும் 2.3 கிலோ, பாடியோடு மூன்று கிலோ.

3.3 அருகில்

அருகில் வந்தால் நிலைமை தலைகீழ். 2013-இன் ஆர்எக்ஸ்10 முழு ஜூமிலும் எஃப் 2.8 திறக்கும் நல்ல லென்ஸ் கொண்டது. ஆளைப் படமெடுக்க ஏற்ற 75 மி.மீ. கோணத்தில் அதன் ஒளித்துளை 10 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஏபிஎஸ்-சி பாடியில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் அதே கோணத்தில் 28 மி.மீ. எட்டு மடங்கு ஒளி, அதாவது முழு மூன்று ஸ்டாப். கேனானின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் 160 கிராம்தான் எடை. அந்த நிறுவனத்தின் மலிவான லென்ஸ்களில் ஒன்று.

கார்த்திகை தீபத்தில் அகல் விளக்கின் முன் குனிந்திருக்கும் பாட்டியின் முகம், மண்டபத் தூண் நிழலில் நாதஸ்வரம் வாசிப்பவரின் கன்னம் — இந்த மூன்று ஸ்டாப் அங்கே எல்லாமே. ஐஎஸ்ஓ 6400 கேட்கும் இடத்தில் ஏறத்தாழ 2500 போதும்; மீதியைப் பெரிய சென்சார் ஈடுசெய்யும். முகத்தின் சுருக்கங்கள் நாய்ஸில் கரையாமல் நிற்கும். பின்னணி தானாக விலகும். ஒட்டிய லென்ஸ் வகையில் எந்த நீள ஜூம் கேமராவும் இந்த இடத்தைத் தொட்டதில்லை.

ஆக, எல்லைக்கோடு இரு வகைக் கேமராக்களுக்கு நடுவே செல்லவில்லை. மலிவான ஒரு பிரைம் லென்ஸ் ஒட்டிய லென்ஸை அருகில் தூக்கியெறிகிறது. மலிவான ஒரு கிட் ஜூம் தொலைவில் அதனிடம் தோற்கிறது. எந்த லென்ஸ், எந்தத் தூரம் என்று கேட்காமல் ‘எது நல்ல கேமரா’ என்ற கேள்விக்கு விடை இல்லை.

3.4 கணக்கு நிற்கும் இடங்கள்

நீளத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. பி1000-இன் லென்ஸ் உச்சத்தில் 539 மி.மீ., எஃப் 8. விட்டம் 67 மி.மீ. இது ஆர்எக்ஸ்10-ஐவிடப் பெரிது என்பதை மறுக்க முடியாது. ஆனால் எஃப் 8-இல் ஒளியின் விளிம்பு விலகல் ஒவ்வொரு புள்ளியையும் ஏறத்தாழ 10.7 மைக்ரான் அகல வட்டமாகப் பரப்பிவிடும். அந்தக் கேமராவின் ஒரு பிக்சல் 1.3 மைக்ரான் சொச்சம். ஒரு ஒளிப்புள்ளி எட்டுப் பிக்சல்களின் அகலத்தில் வழிகிறது. 16 மெகாபிக்சல் என்று எழுதியிருந்தாலும் உச்ச ஜூமில் அத்தனை நுணுக்கம் வந்து சேர்வதில்லை. நிலவுக்கு மட்டும் அது அருமையான கருவி. அங்கே ஒளிக்குப் பஞ்சமில்லை, 3000 மி.மீ.யில் நிலவு சட்டத்தின் உயரத்தை நிரப்பிவிடும்.

இன்னொரு வரம்பு காற்று. கோடியக்கரை உப்பளத்தில் காலை வெயில் ஏறியதும் தரையிலிருந்து கானல் எழும். அரை கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் பூநாரைகளின் கால்கள் நெளியத் தொடங்கும். அந்த நெளிவை லட்ச ரூபாய் லென்ஸும் உருப்பெருக்கித்தான் காட்டும். சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்கும், பறவையை நோக்கிப் பொறுமையாக எடுத்துவைக்கும் அடிகளுக்கும் மாற்று எந்தக் கடையிலும் இல்லை.

லென்ஸின் கூர்மை, சென்சாரின் திறன், ஃபோகஸ் வேகம் ஆகியவை இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவை. முதல் இரண்டும் இன்றைய நல்ல கேமராக்களில் அதிகம் வேறுபடுவதில்லை. மூன்றாவதுக்குத் தனிப் பகுதி வேண்டும்.

4. களத்தில்

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைக் கவனித்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். தண்ணீருக்கு மேலே பறந்து வந்து, காற்றில் ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கும். உடல் செங்குத்தாகத் தொங்கும். அலகு நேர்கீழே குத்திட்டிருக்கும். தலை மட்டும் அசையாது. ஆணாக இருந்தால் மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள் தெரியும். பெண்ணுக்கு ஒன்றுதான், அதுவும் நடுவில் அறுந்திருக்கும். சில நொடிகள் இந்த நிலை. பிறகு கல்லைப்போல விழும்.

பிரிட்ஜ் கேமராவில் இந்தச் சில நொடிகளுக்குள் நடக்க வேண்டியவை இவை. ஜூமைச் சுருக்கிப் பறவையைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஜூம் மோட்டாரால் நகர்வதால் நீளும்வரை காத்திருக்க வேண்டும். பி900, பி1000 போன்றவை மாறுபாட்டை வைத்து ஃபோகஸ் தேடுபவை. பறவையைத் தாண்டிப் பின்னாலுள்ள நாணலுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். அதற்குள் மீன்கொத்தி தண்ணீருக்குள். ஒளியின் கட்ட வேறுபாட்டை அளந்து ஃபோகஸ் செய்யும் ஆர்எக்ஸ்10 மார்க் 4 இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. 315 ஃபோகஸ் புள்ளிகள், நொடிக்கு 24 படங்கள். ஜூம் மோட்டாரின் தாமதம் மட்டும் அதிலும் உண்டு.

கழற்றும் லென்ஸில் ஜூம் வளையத்தைக் கை நேராகத் திருப்புகிறது. கால் திருப்பில் 200-இலிருந்து 600. 2020-க்குப் பின் வந்த மிரர்லெஸ் பாடிகள் பலவற்றில் பறவையின் கண்ணையே தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் இருக்கிறது. பறக்கும் பறவைக்கு இந்த வேறுபாடு ஒளித்துளை வேறுபாட்டைவிடவும் பெரிது என்று நான் சொல்வேன். பறவை பறக்கும் படம்தான் ஒருவரின் ஆசை என்றால், அவர் மாறித்தான் ஆக வேண்டும். இதில் எனக்கு ஐயம் இல்லை.

ஆனால் எல்லோருடைய ஆசையும் அது இல்லை. கணக்கெடுப்புக்குப் போகிறவரின் தேவை வேறு. சேற்றுத் திட்டில் சிறு உள்ளான்கள் கூட்டமாக இரை பொறுக்குகின்றன. அவை கொசு உள்ளான்களா, நடுவே ஒரு டெம்மின்க் உள்ளான் இருக்கிறதா? கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. மற்றதற்கு மஞ்சள் கலந்த வெளிறல். இருநோக்கியில் ஐயமாக இருந்த அந்தக் கால், 1200 மி.மீ. நீளமுள்ள எளிய பிரிட்ஜ் கேமராவின் படத்தில் தெளிவாகிவிடும். சேறு ஒட்டிக் கறுத்திருக்கிறதா என்று பார்க்க நாலைந்து படம் எடுத்தால் போதும். அந்தப் படம் சுவரில் மாட்டத் தகுதியற்றதாக இருக்கலாம். ஆனால் பதிவுக்கு அது சான்று. இந்த வேலைக்கு மூன்று கிலோ கருவி தேவையில்லை. கழுத்தில் எப்போதும் தொங்கும் கருவி தேவை.

கோணத்தின் குறுகலையும் கவனிக்க வேண்டும். 600 மி.மீ.யில் மூலைக்கு மூலை 4 பாகை. 3000-இல் ஒரு பாகைக்கும் குறைவு. கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால் அதன் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை. அந்த விரலளவு வானத்துக்குள் ஒரு சிட்டைப் பிடிப்பது தனிப் பயிற்சி. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு தேடப் பழகுவது இரு வகைக்கும் பொதுவான வழி.

பூச்சிகளுக்கும் பூக்களுக்கும் ஒட்டிய லென்ஸ் தரும் வசதி பலருக்குத் தெரிவதில்லை. ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்ற 8 டயாப்டர் சிறு லென்ஸை முன்னால் கவ்விவிட்டால் நீள ஜூம் கேமரா நல்ல மேக்ரோ கருவியாகிவிடுகிறது. சிறிய சென்சார் என்பதால் வண்ணத்துப்பூச்சியின் இறகு நுனி முதல் கண்வரை ஃபோகஸில் நிற்கும். தொலைவிலும் மங்கிய ஒளியிலும் குறையாக இருந்த சிறிய துளை இங்கே உதவிக்கு வருகிறது. மாறியவர்கள் தனி மேக்ரோ லென்ஸ் வாங்கிய பிறகே இதை உணர்கிறார்கள்.

5. பேணுதல்

நம் ஊரில் கேமராவின் முதல் எதிரி ஈரம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கடலோர ஊர்களில் அலமாரிக்குள் வைத்த லென்ஸில் வெள்ளை நூல்போலப் பூஞ்சை படரும். முற்றினால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கும் டிரை கேபினட், அது இல்லாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிகா ஜெல்லும் கட்டாயம். ஒரே லென்ஸ் இருப்பவருக்கு ஒரு டப்பா போதும்; நான்கு லென்ஸ் வைத்திருப்பவர் நான்கையும் காக்க வேண்டும். மாதக்கணக்கில் கையில் எடுக்காத லென்ஸில்தான் பூஞ்சை முதலில் வரும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அடுத்து தூசி. தேரிக்காட்டுச் செம்மண் காற்றில் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் துகள் ஒட்டும். எஃப் 11, 16 என்று சுருக்கும்போது நீல வானத்தில் சாம்பல் பொட்டுகளாகத் தெரியும். 2003-இல் ஒலிம்பஸ் இ-1 தொடங்கி, அதிர்வால் தூசியை உதறும் வசதி பாடிகளில் வந்துவிட்டது. எஞ்சியதை ஊதுகுமிழால் நாமே நீக்கலாம். ஒட்டிய லென்ஸுக்குள் தூசியே போகாது என்ற நம்பிக்கை சரியில்லை. ஜூம் குழல் நீண்டு சுருங்கும்போது காற்றை உள்ளிழுக்கிறது. உள்ளே போன தூசியை எடுக்கக் கேமராவைப் பிரிக்க வேண்டும். அது சர்வீஸ் சென்டரின் வேலை. ஜூம் மோட்டார் பழுதானாலும் அப்படியே: லென்ஸ் போனால் கேமராவே போயிற்று.

6. செலவும் பிணைப்பும்

பிரிட்ஜ் கேமராவின் விலை ஒரே தடவை. கழற்றும் லென்ஸ் வகையில் பாடி ஒரு முன்பணம் மாதிரிதான். செலவு பிறகு வரும். மவுண்ட் ஒரு பிணைப்பு. 1959-இன் நிக்கான் எஃப் மவுண்ட்டும், 1987-இன் கேனான் இஎஃப் மவுண்ட்டும் பல தலைமுறைகளைத் தாங்கின. 2018-இல் இரு நிறுவனங்களும் மிரர்லெஸ்ஸுக்காக இசட், ஆர்எஃப் என்று புது மவுண்ட்டுக்குத் தாவின. அடாப்டர் உண்டு. ஆனால் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால், பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் அதில் தானாக ஃபோகஸ் செய்யாது.

மறுபக்கம், நல்ல லென்ஸ் பாடியைவிட நெடுநாள் வாழும். பழைய சந்தையிலும் விலை நிற்கும். டிஎஸ்எல்ஆர் பாடிகளையும் லென்ஸ்களையும் பலர் விற்றுவிட்டு மிரர்லெஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருக்கும் இந்தக் காலம், கையில் குறைவாகப் பணம் இருப்பவருக்கு நல்ல காலம். பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து வாங்கினால், 89 மி.மீ. விட்டமுள்ள ஒரு லென்ஸ் எட்டும் தூரத்தில் இருக்கிறது.

7. திரும்பி வருவோர்

திரும்பி வருவோரை நான் மூன்று விதமாகப் பார்க்கிறேன். வயதும் முதுகும் காரணமாக வருகிறவர்கள் ஒரு விதம். அவர்களிடம் விவாதிக்க எதுவும் இல்லை. பயணத்தில் லென்ஸ் மாற்றி மாற்றிக் காட்சியைத் தவறவிட்டு வருகிறவர்கள் இன்னொரு விதம். மூன்றாவது விதத்தினர்தான் ஆய்வுக்கு முக்கியமானவர்கள். அவர்கள் மாறியபோது வாங்கியது கிட் லென்ஸும் ஒரு மலிவான டெலி ஜூமும் மட்டுமே. அவர்களுக்கு வேண்டிய தூரத்தில் ஒளித்துளை பெரிதாகவில்லை. அவர்கள் திரும்பி வருவது சறுக்கல் ஆகாது. கணக்கு தன்னைத்தானே சரிசெய்துகொண்டது.

இந்தத் திரும்பலை இன்று கைபேசி எளிதாக்குகிறது. அகலக் காட்சி, குடும்பப் படம், சாப்பாட்டு இலை எல்லாவற்றையும் கைபேசி பார்த்துக்கொள்ளும். மிச்சமிருப்பது தொலைவும் நுண்மையும். அந்த இரண்டையும் ஒரு கிலோ எடையில் தரும் ஒட்டிய லென்ஸ் கேமரா, கைபேசியோடு சேர்ந்தால் முழுமையான பை. எட்டாமல் போவது விளக்கொளியில் முகமும், பாயும் பறவையும். அவை வேண்டாதவர் எதையும் இழக்கவில்லை.

இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா? கையிலிருக்கும் பிரிட்ஜ் கேமராவை விற்றால் கிடைக்கும் தொகை பெரும்பாலும் சொற்பம். அதை வைத்துக்கொண்டு, பழைய ஏபிஎஸ்-சி பாடி ஒன்றும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் வாங்குவது என் கணக்கில் மிகச் சிக்கனமான கூட்டணி. தொலைவுக்கு ஒன்று, இருளுக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்தாலும் 200-600 லென்ஸ் ஒன்றின் எடையை எட்டாது.

8. தீர்ப்பு

பறக்கும் பறவை, விளக்கொளி முகம், கரைந்த பின்னணி — இவற்றில் ஒன்று உங்களை இழுக்கிறதென்றால் கழற்றும் லென்ஸுக்குப் போங்கள். ஆனால் பாடிக்கு ஒதுக்கிய பணத்தைக் குறைத்து லென்ஸுக்குக் கொடுங்கள். அந்த லென்ஸின் விட்டம் இப்போதுள்ளதைவிட ஒன்றரை மடங்காவது இல்லையென்றால், வாங்காமல் காத்திருங்கள். பதிவும் பயணமும் பூச்சியும்தான் உங்கள் உலகம் என்றால், ஒட்டிய லென்ஸில் இருப்பதற்கோ அதற்குத் திரும்புவதற்கோ யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

எது உங்கள் உலகம் என்று ஊகிக்கவும் வேண்டாம். நீங்கள் எடுத்த ஒவ்வொரு படக் கோப்பிலும் குவியத்தூரம், எஃப் எண், ஐஎஸ்ஓ மூன்றும் பதிவாகியிருக்கின்றன. கடைக்குப் போகுமுன் கடந்த ஓராண்டுப் படங்களில் உங்களுக்குப் பிடித்தவற்றை மட்டும் பிரித்தெடுத்து, அந்த எண்களைத் தாளில் எழுதிப் பாருங்கள். ஜூமின் உச்சத்தில் குவிந்திருக்கின்றனவா, 75-ஐச் சுற்றியா, ஐஎஸ்ஓ 3200-க்கு மேலா? வாங்க வேண்டிய லென்ஸ் எது, வாங்கவே வேண்டுமா என்பதற்கான விடை அந்தத் தாளில் இருக்கும்.